சிறார் கணிதமும் படைப்பாற்றல் அளவீடும்: ஒரு மறுப்பு

குழந்தையின் படைப்பாற்றலை எண்ணால் அளந்துவிடலாம் என்னும் கருத்து, கல்வியியல் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைபெற்றுள்ளது. ‘உயர்நிலைப் பள்ளி மாணவர்தம் படைப்பாற்றலும் கணித அடைவும்’ என்பது போன்ற தலைப்புகளில் ஆய்வேடுகள் எழுதப்பெறுவது இந்தியப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாகிவிட்டது. இத்தகைய ஆய்வேட்டின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஒரு சோதனைத்தாள் கொடுக்கப்பெறும். அதில் கிடைத்த எண் படைப்பாற்றல் எனப்படும். ஆண்டுத் தேர்வில் கிடைத்த எண் அடைவு எனப்படும். இவ்விரண்டு எண்களுக்கும் ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டவுடன் ஆய்வு முற்றுப்பெறும். குழந்தை தாளில் என்ன எழுதிற்று, ஏன் அவ்வாறு எழுதிற்று என்பன பின்னிணைப்பிலும் இடம்பெறுதல் அரிது.

இதுகாறும் இவ்வளவீடு ஆய்வேடுகளுக்குள் அடங்கிக் கிடந்தது. அதனால் விளைந்த தீங்கும் சிறிதே. இன்று நிலைமை வேறு. தேசியக் கல்விக் கொள்கை 2020இன் வழியில், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் கீழ் 2023இல் நிறுவப்பெற்ற ‘பரக்’ என்னும் மதிப்பீட்டு அமைப்பு முன்வைக்கும் முழுமை வளர்ச்சி அட்டையில், விழிப்புணர்வு, உணர்திறன், படைப்பாற்றல் என்னும் மூன்றும் மதிப்பிடப்பெற வேண்டிய திறன்களாக வைக்கப்பெற்றுள்ளன. அடித்தளப் பருவத்துக் குழந்தைகளுக்கு ஓடை, மலை, வானம் என்பன படிநிலைகள். எண் மதிப்பெண்ணைக் கைவிட்டதாக அட்டை பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆயினும், மூன்று படிநிலை என்றவுடன் அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என மாற்றிக் கூட்டிச் சராசரி காண எந்த அலுவலகத்திற்கும் நெடுநேரம் ஆகாது. ஓடை என்று குறிக்கப்பெற்ற குழந்தைக்கு அச்சொல்லின் அழகு ஆறுதல் தருமா என்பதும் ஐயத்திற்குரியது.

தமிழாய்வு இதழில் இப்பொருளுக்கு என்ன இடம் என்னும் வினா எழலாம். ஒருவர் எழுதிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் புதியது எது, முன்னோர் வழியில் வந்தது எது, வெறும் பெயர்ப்பு எது என்று பிரித்தறிவது தமிழ்ப்புலமையின் நெடுநாளைய பணி. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பகுத்த மரபு அது. கணக்குத்தாளும் ஒரு பனுவலே. அதனைப் படிக்காமலே மதிப்பிட முடியும் என்போருக்கு மறுமொழி சொல்லும் உரிமை, பனுவலைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு உண்டு.

செங்கல்லிலிருந்து கணக்கிற்கு

அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராயிருந்த கில்ஃபர்ட் 1950இல் ஆற்றிய உரையிலிருந்து இவ்வளவீட்டின் வரலாற்றைத் தொடங்குவது மரபு. நுண்ணறிவுச் சோதனைகள் ஒரே விடையை நாடும் குவிசிந்தனையை மட்டும் அளக்கின்றன, பலதிசைப்பட்ட விரிசிந்தனை அவற்றிற்கு அகப்படுவதில்லை என்பது அவர் வழிவந்தோரின் குறை. குறை நியாயமானதே. அதற்குக் கண்ட மருந்துதான் நோயாயிற்று. ஒரு செங்கல்லை எவ்வெவ்வாறெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டு, விடைகளை எண்ணுவது மருந்தாகக் கருதப்பட்டது. 1966இல் வெளிவந்த டாரன்ஸின் ஆக்கச் சிந்தனைச் சோதனைகள் இம்முறையை உலகெங்கும் பரப்பின. விடைகளின் எண்ணிக்கை சரளம். விடைகளின் வகைகள் நெகிழ்வு. பிறர் எழுதாத விடை தனித்தன்மை. நுணுக்கங்களின் மிகுதி விரிவு.

செங்கல்லுக்கு வகுத்த இலக்கணம் பின்னர்க் கணிதத்திற்கு மாற்றப்பெற்றது. இங்கிலாந்தின் ஹேலாக் 1987இலும், அமெரிக்காவின் எட்வர்டு சில்வர் 1997இலும், இஸ்ரேலின் ரோசா லைக்கின் 2009இலும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் அடிப்படையானவை. இம்மூவரும் கணிதக் கல்வியை ஆழ்ந்து கற்றவர்கள். ஒரே வழியை மனனம் செய்விக்கும் வகுப்பறையை மாற்ற விரும்பியவர்கள். ஈண்டு மறுக்கப்படுவது அவர்கள் விருப்பம் அன்று. சரளம், நெகிழ்வு, தனித்தன்மை என்னும் மூன்றையும் எண்ணாக்கிக் கூட்டியும் பெருக்கியும் ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே எழுதும் செயலே மறுக்கப்படுகிறது.

ஹேலாக் கையாண்ட பணி ஒன்று எளிமையால் சிறந்தது. மூன்று வரிசைகளில் மும்மூன்றாக ஒன்பது புள்ளிகள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே ஒரு செ.மீ. புள்ளிகளை இணைத்து 2 ச.செ.மீ. பரப்புள்ள வடிவங்களை இயன்ற அளவு வரைய வேண்டும். ஒரு குழந்தை, கீழ்வரிசை முழுவதையும் அடியாகக் கொண்டு, மேல்வரிசையின் மூன்று புள்ளிகளையும் முறையே உச்சியாக வைத்து மூன்று முக்கோணங்கள் வரைகிறது என்க. மற்றொரு குழந்தை ஒரே முக்கோணம் வரைந்து, அதன் கீழ், “உச்சி மேல்கோட்டில் எங்கே இருந்தாலும் இதே பரப்புதான்” என்று எழுதுகிறது என்க. விடைகளை எண்ணும் திருத்துநர் முதற்குழந்தைக்கு மூன்றும் இரண்டாம் குழந்தைக்கு ஒன்றும் இடுவார். இரண்டாவது குழந்தை கண்டது என்ன? மூன்று முக்கோணங்களை மட்டும் அன்று, அக்கோட்டில் உச்சி கொள்ளும் எண்ணிலடங்கா முக்கோணங்களையும் அது ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டது. புள்ளி இல்லாத இடத்திலும் உச்சியை வைக்கலாம் என்று சோதனையின் எல்லையையும் கடந்துவிட்டது.

இந்த எடுத்துக்காட்டில் அளவீட்டின் அடிப்படைப் பிழை வெளிப்படுகிறது. செங்கல்லின் பயன்களை அடுக்குவதில் பன்மை வளமாகலாம். கணிதத்திலோ பலவற்றை ஒன்றாகக் காண்பதே ஆக்கம். பொதுமைப்படுத்தும் குழந்தையின் விடைகள் எண்ணிக்கையில் குறைகின்றன, குறையவே வேண்டும். சரளத்தை எண்ணும் அளவுகோல், கணிதச் சிந்தனை முதிருந்தோறும் மதிப்பெண்ணைக் குறைக்கும் இயல்புடையது. சோவியத் உளவியலாளர் குருத்தெத்ஸ்கி பள்ளி மாணவரின் கணிதத் திறன் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட நூலில் (ஆங்கில வடிவம் 1976), திறன்மிக்க மாணவர் தம் காரணத்தொடரைச் சுருக்கிக்கொள்வதையும், தெளிவும் சிக்கனமும் உள்ள தீர்வை நாடுவதையும் முதன்மையான இயல்புகளாகச் சுட்டினார். மதிப்பெண்ணை மட்டும் நோக்கி, சிந்திக்கும் போக்கை நோக்காத மேலைநாட்டுச் சோதனை முறையையும் அவர் கடிந்தார். அவருடைய நூல் மேற்கோளாகப் பெரிதும் காட்டப்பெறுகிறது. அவர் கடிந்தது மட்டும் மேற்கோள்களில் விடுபட்டுப் போகிறது.

நூறு, பத்து, ஒன்று

லைக்கினின் முறை இவற்றுள் மிகவும் செம்மையானது. ஆதலின் அதனையே உரைத்துப் பார்த்தல் தகும். ஒரு கணக்கைப் பல வழிகளில் தீர்க்குமாறு மாணவர் பணிக்கப்பெறுவர். ஒவ்வொரு தீர்வுக்கும் நெகிழ்வுக்கு 10, 1, 0.1 என்பவற்றுள் ஒன்றும், தனித்தன்மைக்கு 10, 1, 0.1 என்பவற்றுள் ஒன்றும் வழங்கப்பெறும். குழுவில் 15 விழுக்காட்டினருக்கும் குறைவானோர் கண்ட தீர்வு எனில் தனித்தன்மை 10; 15 முதல் 40 விழுக்காட்டிற்குள் எனில் 1; 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 0.1. ஒரு தீர்வின் நெகிழ்வையும் தனித்தன்மையையும் பெருக்கி, எல்லாத் தீர்வுகளுக்கும் கூட்டி, தீர்வுகளின் எண்ணிக்கையால் மீண்டும் பெருக்கினால் படைப்பாற்றல் கிடைக்கும்.

முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு சிறுமி ஒரே ஒரு தீர்வு எழுதுகிறாள் என்க. முதல் தீர்வாதலின் நெகிழ்வு 10. அவளையும் சேர்த்து நால்வர் அவ்வழியைக் கண்டனர் எனில் அது 13.3 விழுக்காடு, தனித்தன்மை 10, படைப்பாற்றல் 100. ஐந்தாவதாக ஒரு மாணவன் அதே வழியைக் கண்டுவிட்டான் எனில் 16.7 விழுக்காடு, தனித்தன்மை 1, சிறுமியின் படைப்பாற்றல் 10. வகுப்பில் பன்னிருவர் கண்டனர் எனில் 40 விழுக்காடு, தனித்தன்மை 0.1, அவளுடைய படைப்பாற்றல் 1. சிறுமியின் தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவள் சிந்தித்தவாறே சிந்தித்தாள். பக்கத்து இருக்கைகளில் நிகழ்ந்தவற்றால் அவளுடைய ஆற்றல் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிற்று.

இக்கணக்கின் விளைவை வகுப்பறையில் வைத்துப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். நல்லாசிரியர் ஒருவர் ஒரு மாணவி கண்ட அரிய வழியைக் கரும்பலகையில் எழுதி எல்லோர்க்கும் விளக்குகிறார். அடுத்த பணியில் பலரும் அவ்வழியில் சிந்திக்கின்றனர். வகுப்பின் அறிவு வளர்ந்தது. வகுப்பின் படைப்பாற்றல் எண்ணோ வீழ்ந்தது. தன் தோழிக்கு வழி சொல்லிக்கொடுக்கும் குழந்தை தன் மதிப்பெண்ணைத் தானே குறைத்துக்கொள்கிறது. கற்றதைப் பகிர்வது நட்டமாகும் ஓர் அளவுகோலைப் பள்ளிக்குள் கொண்டுவருவோர், இதனையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

லைக்கினுக்கு நியாயம் செய்யுங்கால் ஒன்றைக் கூறியாக வேண்டும். குழு சிறிதாயின் விழுக்காட்டை நம்பாமல், தீர்வு எவ்வளவு வழக்கமானது, அதில் எவ்வளவு உள்ளொளி உண்டு என்று கொண்டு தனித்தன்மையை மதிப்பிடலாம் என அவர் முறை இடம் தருகிறது. அவ்வாறாயின், உள்ளொளி உண்டா இல்லையா என்று முடிவு செய்பவர் யார்? தாளைப் படித்து, கணிதம் அறிந்து, தீர்ப்புச் சொல்லும் ஒருவரே. தீர்ப்பு முன்னே வந்துவிட்டது. அதன்மேல் போர்த்திய போர்வையே 10, 1, 0.1.

நெகிழ்வின் கதியும் இதுவே. இரு தீர்வுகள் ஒரே வகையா, வேறு வகையா என்று எவ்வாறு துணிவது? மேக்ஸ் வெர்த்தைமரின் ‘ஆக்கச் சிந்தனை’ (1945) நூலில் இணைகரத்தின் பரப்பு பற்றி வரும் பகுதி புகழ்பெற்றது. ஒரு குழந்தை இணைகரத்தின் ஒரு புறத்து நீட்சியை வெட்டி மறுபுறத்தில் பொருத்திச் செவ்வகமாக்கிற்று. இன்னொன்று தாளை வளையமாக வளைத்து, இரு சாய்விளிம்புகளையும் சேர்த்து, பின் நேராக வெட்டி விரித்தது. பார்வைக்கு இரண்டும் முற்றிலும் வேறு. கருத்தால் ஒன்றே: ஒருபுறம் மிகுந்தது மறுபுறம் குறைந்ததற்கு ஈடு. இவற்றை ஒரு வகை என்பதா, இரு வகை என்பதா? எவ்விடையைச் சொன்னாலும் அது வடிவியலைப் பற்றிய ஓர் உரை ஆகுமேயன்றி, எண்ணிக் கண்ட உண்மை ஆகாது. அதே நூலில் வெர்த்தைமர் வேறொரு வகுப்பையும் காட்டுகிறார். செங்குத்து வரைந்து பரப்புக் காணும் முறையை நன்கு பயின்ற மாணவர், இணைகரத்தைத் திருப்பி வரைந்து காட்டியவுடன், இதனை இன்னும் படிக்கவில்லை என்றனர். அவ்வகுப்பில் மதிப்பெண்கள் குறைவாயிருந்திரா.

நால்வகைப் புலவர்

அளவீட்டாளரின் நான்கு கூறுகளைக் காணும் தமிழறிஞர்க்குப் பாட்டியல் நூல்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி எனப் புலவரை நால்வகைப்படுத்திய மரபு அது. கொடுத்த பொருளில் உடனடியாகப் பாடுதல் ஆசு; அது சரளத்தின் இனம். விரித்துப் பாடுதல் வித்தாரம். அது விரிவின் இனம். ஒப்புமை இம்மட்டோடு நிற்கட்டும். மதுரத்தை நெகிழ்வோடு பொருத்த முயல்வது வீண். நோக்கத்தக்கது வேறொன்று. இந்நான்கையும் வகுத்த இலக்கணிகள், ஒரு புலவர்க்கு ஆசில் ஏழு, மதுரத்தில் ஐந்து, ஆக மொத்தம் இத்துணை என்று கூட்டத் துணிந்தாரில்லை. வகைமை வேறு, அளவை வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். விரைந்து பாடுவோர் வேறு, இனிது பாடுவோர் வேறு. இருவரையும் ஒரு கோலால் அளத்தல் இருவர்க்கும் இழுக்கு.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் இன்னொரு தெளிவைத் தருகிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளை எண்ண அந்நூல் வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். இவ்விதி எல்லாப் பழத்திற்கும் பொருந்துமோ பொருந்தாதோ, பழத்தைப் பிளந்து சரிபார்க்கும் வாய்ப்பாவது உண்டு. படைப்பாற்றல் சோதனையும் புறத்து முட்களை எண்ணி அகத்துச் சுளையைக் கூறும் கலைதான். பிளந்து பார்க்கும் வாய்ப்பு மட்டும் அதற்கு இல்லை. ஒரு சோதனை சரியா என்று அறிய மற்றொரு சோதனையோடு ஒப்பிடுகின்றனர். அதுவும் முள்ளை எண்ணுவதே.

இவ்விடத்தில் இராமானுசனை அழைத்துவருவது தமிழ்நாட்டு மேடைகளில் தவறாத சடங்கு. தேர்வு முறை மேதையைத் தோற்கடித்தது என்று கும்பகோணத்துக் கல்லூரிக் கதை சொல்லப்பெறும். உண்மையில் அவர் தவறியது கணிதம் அல்லாத பாடங்களில். அவர் வரலாறு கணிதச் சோதனைகளுக்கு எதிரான சான்றாகாது. நல்ல வழக்குக்குப் பொய்ச்சான்று வேண்டியதில்லை.

வேண்டிய சான்று தெருவில் கிடைக்கிறது. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவணிகம் செய்த சிறுவர் ஐவரிடம் நுனெஸ் முதலானோர் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், வணிகத்தின்போது கேட்ட கணக்குகளில் 98.2 விழுக்காடும், அவ்வெண்களையே பள்ளிக் கணக்காக எழுதித் தந்தபோது 36.8 விழுக்காடும் சரியாக விடையளிக்கப்பெற்றன. 35 குருசேரோ விலையில் பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டபோது ஒரு சிறுவன், மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்து 210, இன்னும் நான்கு வேண்டும் என்று தொடங்கி, 315 கூறி, 350 என்று முடித்தான். பத்தால் பெருக்கச் சுழியம் சேர்க்கும் விதி அவனுக்குத் தேவைப்படவில்லை. கையில் இருந்த மூன்றின் விலையைக் கொண்டு பத்தைக் கட்டினான். தில்லி, கொல்கத்தா சந்தைகளில் பணிபுரியும் சிறுவரை ஆராய்ந்து 2025இல் நேச்சர் இதழில் வெளிவந்த பானர்ஜி, டூஃப்லோ முதலானோர் கட்டுரையும், சந்தைக் கணக்கில் வல்ல சிறுவர் பள்ளிக் கணக்கில் இடறுவதையும், பள்ளி மாணவர் சந்தைக் கணக்கில் இடறுவதையும் காட்டிற்று. தேங்காய் விற்ற சிறுவனின் தீர்வு சோதனைத்தாளில் வந்தால் என்னவாகும்? சந்தைச் சிறுவர் மிகுந்த வகுப்பில் அது பொதுவழக்கு, 0.1. வசதியுள்ளோர் வகுப்பில் அது அரிது, 10. எழுதத் தெரியாமல் வாயால் சொன்னால் சுழி.

மறுமொழிகளுக்கு மறுமொழி

எண் இல்லாவிடில் ஆசிரியரின் விருப்பு வெறுப்பே கோலோச்சும். சாதி, பால், உடை, உச்சரிப்பு ஆகியவற்றைக் கண்டு மதிப்பிடும் வகுப்பறையில் எண் ஒன்றே ஏழைக் குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது அளவீட்டாளரின் வலிய வாதம். இதனை எளிதில் தள்ள இயலாது. பொதுத்தேர்வின் மேல் முதல் தலைமுறைக் கற்போர் கொண்ட நம்பிக்கைக்குக் காரணம் இதுவே. ஆனால் அந்நம்பிக்கை, விடை சரியா தவறா என்று எவரும் சரிபார்க்கக்கூடிய தாளின்மேல் வைத்தது. படைப்பாற்றல் எண்ணை எவர் சரிபார்ப்பர்? ‘உன் மகளுக்கு 10’ என்று சொன்னால் தாய்க்கு மறுத்துரைக்க ஒன்றும் இல்லை. ‘உன் மகள் ஒரு வழியை மட்டுமே கண்டாள், காரணம் கூறவில்லை’ என்று எழுதினால், அவள் கூறிய காரணம் இதோ என்று தாளைக் காட்டி வழக்காட இடமுண்டு. மேலும், தனிப்பயிற்சி நிலையத்தில் ஒரே கணக்குக்கு நான்கு வழிகள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டால், சரளமும் நெகிழ்வும் கட்டணம் செலுத்துவோர்க்கே உரியனவாகும். பலவழித் தீர்வு என்பது சிறந்த பாடம். மதிப்பெண் ஆனவுடன் அதுவும் மனனப் பொருளாகும்.

பன்னாட்டு அளவில் ஏற்றுக்கொள்ளப்பெற்ற ஒன்றை மறுப்பது பிற்போக்கு என்பாரும் உளர். 2022இன் பீசா சோதனையில் படைப்புச் சிந்தனை அளக்கப்பெற்று, 64 நாடுகள், பொருளாதாரப் பகுதிகளின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. அறுபதுக்கு 41 பெற்றுச் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அச்சோதனையின் களங்கள் நான்கு: எழுத்து வெளிப்பாடு, காட்சி வெளிப்பாடு, சமூகச் சிக்கல், அறிவியல் சிக்கல். கணிதம் தனிக்களமாக அதில் இல்லை. அதனை மேற்கோள் காட்டிக் கணித வகுப்பில் படைப்பாற்றல் எண் கேட்போர் அறிக்கையை முழுதும் படித்தல் நன்று.

ஆசிரியர்க்கு நேரம் இல்லை என்பது மூன்றாவது. இதுவே உண்மையான இடர். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பல பள்ளிகளின் நிலை அவ்வாறு இல்லை. முப்பது தாள்களையும் நாள்தோறும் நுணுகிப் படிப்பது இயலாதது. பருவத்துக்கு ஒரு கணக்கு, குழந்தைக்கு இரண்டு வரி என்றால் இயலும். தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005ஐ ஒட்டி இரா. இராமானுசம் தலைமையில் அமைந்த கணிதம் கற்பித்தல் பற்றிய குழு, செம்மையற்ற மதிப்பீட்டு முறைகளே கணிதத்தை இயந்திரக் கணக்காகக் காணச் செய்கின்றன என்று அப்போதே சுட்டிற்று. அதன்பின் மத்திய வாரியம் 2009இல் கொண்டுவந்த தொடர் முழுமை மதிப்பீடு, பதிவேடுகளை நிரப்பும் சுமையாகிப் போயிற்று என்ற குறைக்கு ஆளாகி, 2017இல் கைவிடப்பெற்றது.

சப்பானியக் கணித வகுப்புகளில் 1970களில் சிமாடா முதலானோர் வளர்த்த திறந்தநிலை அணுகுமுறையில் கோலிக் கணக்கு ஒன்று உண்டு. மூவர் ஐந்து ஐந்து கோலிகளை எறிகின்றனர். எவருடைய கோலிகள் குறைவாகச் சிதறியுள்ளனவோ அவர் வென்றவர். சிதறலை எண்ணால் கூறும் வழிகளைக் குழந்தைகள் காண வேண்டும். ஒரு குழந்தை கோலிகளை இணைத்த பலகோணத்தின் பரப்பு என்கிறது. கோலிகள் ஒரே கோட்டில் கிடந்தால் எவ்வளவு தொலைவு சிதறினாலும் பரப்பு சுழியமே என்று இன்னொன்று மறுக்கிறது. சுற்றளவு என்கிறது ஒன்று. எல்லாக் கோலிகளையும் அடக்கும் மிகச்சிறு வட்டத்தின் ஆரம் என்கிறது மற்றொன்று. நான்கு நெருங்கியிருந்து ஒன்று மட்டும் தொலைவில் போனால் அது பொருந்தாதே என்று மீண்டும் மறுப்பு. எந்த அளவும் எதையோ விட்டுவிடுகிறது என்று பள்ளிச் சிறுவர் ஒரு பாடவேளையில் கண்டுகொள்கின்றனர். அவர்களை அளக்க வந்தோர்க்கு அரை நூற்றாண்டு போதவில்லை.

வளர்ச்சி அட்டையில் ஆசிரியர் குறிப்புக்கும் இடம் விடப்பெற்றுள்ளது. ஓடை, மலை, வானம் என்பவற்றுள் ஒன்றில் குறியிடுவதை விடுத்து, ஒன்பது புள்ளிக் கணக்கைச் செய்த அந்த இரண்டாவது குழந்தையைப் பற்றி அவ்விடத்தில் இவ்வாறு எழுதலாம்: “முக்கோணத்தின் உச்சியைக் கோட்டில் எங்கே நகர்த்தினாலும் பரப்பு மாறாது என்று தானே கண்டது. ஏன் என்று கேட்டதற்கு, உயரம் மாறவில்லையே என்றது. உச்சியைத் தாளுக்கு வெளியே கொண்டுபோனாலும் அப்படித்தானா என்று கேட்டதற்கு விடை சொல்லவில்லை. மறுநாள் நீளமான தாள் ஒன்று கேட்டது.”